மக்ஸ்வெலும் தளரும் பொருள்களும்

பௌதிகம் பயின்ற எம்மவருள் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் என்னும் பெயரைக் கேளாதார் இலர். மின், காந்தம், ஒளி ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தன என நிறுவிய சமன்பாடுகளோடு சேர்த்து அப்பெயரை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்பியவர் நம்முட் பலர். அப்புகழ் குன்றின்மேல் இட்ட விளக்கு. அதனை நாம் தூண்ட வேண்டுவதில்லை. இம்மலரில் நாம் எழுதப் புகுவது அவ்வறிஞரின் வேறொரு தொண்டினை. சுமை தாங்கும் பொருளொன்று, சுமை சிறிதுங் கூடாதிருக்கவும், நாட்செல்ல நாட்செல்லத் தானே வளைவதும் நீள்வதும் ஏன்? பல பொருள்கள் சேர்ந்தமைந்த ஒன்றில் அவ்வளைவை முன்கூட்டியே கணிப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு இன்று கணினிகள் விடை கூறுகின்றன. அக்கணினிகளுள் ஓடுங் கணிதத்தின் வேர்களைத் தேடிச் சென்றால், அவற்றுள் மூன்று மக்ஸ்வெல் என்னும் ஒருவரிடமே சென்று சேர்வதைக் காண்கிறோம்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் விற்சுருளொன்றிற் படிகளைத் தொங்கவிட்டு, நீட்சியை அளந்து, வரைபுத்தாளில் நேர்கோடு வரைந்து ஊக்கின் விதியை நாமெல்லாம் மெய்ப்பித்தோம். அவ்விதியிற் காலத்துக்கு இடமில்லை. காலையில் தொங்கவிட்ட படிக்குரிய நீட்சியை மாலையில் அளப்பினும் அஃது ஒன்றே என்பது அதன் துணிபு. ஆயின் வீட்டில் நாம் காண்பது வேறு. நைலோன் கொடிக்கயிறு ஈரத்துணி ஏற்றியேற்றிச் சில மாதங்களில் தொய்ந்து விடுகின்றது. கனத்த நூல்களைத் தாங்கிய அலுமாரித் தட்டு ஆண்டுதோறும் சற்றே கீழிறங்கி, நூல்களை எடுத்த பின்னரும் நிமிர மறுக்கின்றது. இதனைப் பொறியியலார் ஊர்வு என வழங்குவர். 1835 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் வில்லெம் வெபர், காந்தத்தைத் தொங்கவிட உதவும் பட்டு நூலில் இத்தகைய இயல்பொன்றைக் கண்டார். சுமை ஏற்றியவுடன் நீண்ட நூல் அத்துடன் நில்லாது மெல்ல மெல்ல மேலும் நீண்டது. சுமையை நீக்கியபோதும் உடனே முழுதும் மீளாது மெல்ல மெல்லவே மீண்டது. மக்ஸ்வெலின் காலத்தார்க்கு இஃது ஒரு தீராப் புதிராகவே இருந்தது.

மக்ஸ்வெல் 1831 ஆம் ஆண்டு யூன் மாதம் 13 ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பறோவிற் பிறந்தார். தந்தையார் சட்டம் பயின்றவராயினும் நீதிமன்றத்திலும் பார்க்கப் பொறிகளிலும் கைத்தொழில்களிலுமே மனம் வைத்தவர். குடும்பத்துக்குரிய கிளென்லேர் என்னும் நாட்டுப்புறத் தோட்டத்திற் பிள்ளைப் பருவம் கழிந்தது. எட்டு வயதில் தாயாரை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பத்து வயதில் எடின்பறோ அக்கடமியிற் சேர்ந்தபோது, தந்தையார் தாமே திட்டமிட்டுச் செய்வித்த விசித்திரமான உடையும் சதுரமுனைச் சப்பாத்தும் அணிந்து சென்ற சிறுவனைச் சகமாணவர் சூழ்ந்து எள்ளி, உடை கிழிய வீட்டுக்கு அனுப்பினர். மந்தன் எனப் பொருள்படும் பட்டப்பெயரொன்றையுஞ் சூட்டினர். நான்கு ஆண்டுகள் கழிய, தம் 14 ஆம் வயதில், அந்த மந்தன் முட்டைவடிவ வளைகோடுகளை ஊசியும் நூலுங் கொண்டு வரையும் முறைபற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1846 இல் அதனைப் பேராசிரியர் போபஸ் எடின்பறோ அரச சங்கத்தின் முன் வாசித்தார். ஆக்கியோன் தானே சபையேறுதற்கு வயது போதாதெனக் கருதப்பட்டது!

நம் கதைக்கு இன்றியமையாத நிகழ்ச்சி அதற்கடுத்த ஆண்டில் நேர்ந்தது. தாய்மாமனார் ஒருநாள் அவரை வில்லியம் நிக்கொல் என்னும் முதியவரிடம் அழைத்துச் சென்றார். ஒளியை முனைவாக்கும் அரியத்தை ஆக்கிப் புகழ்பெற்றவர் நிக்கொல். முனைவாக்கிய ஒளியிற் பார்த்தால், உள்ளே இறுக்கமுற்ற கண்ணாடித் துண்டு மயில்தோகைபோல நிறங் காட்டும். இதனைக் கண்ட இளைஞர் வீடு திரும்பிக் கண்ணாடியைச் செந்நிறமாகக் காய்ச்சி விரைந்து குளிரச் செய்து, தாமே இயற்றிய எளிய கருவியால் நோக்கி, தோன்றிய நிறக்கோலங்களை நீர்வண்ணத்தில் வரைந்து நிக்கொலுக்கு அனுப்பினார். முதியவர் மகிழ்ந்து தம் அரியங்கள் இரண்டை அவருக்குப் பரிசளித்தார்.

அதன்பின் கண்ணாடி போதவில்லை. மீன்பசைக் கூழை இரண்டு உருளைகளுக்கு இடைப்பட்ட வளையத்தில் வார்த்து, உறைந்த பின் உள்ளுருளையைச் சிறிது திருகி, அக்கூழினூடாக முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினார். கூழின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தகைப்பு உண்டென்பது நிறமாகக் கண்ணுக்குப் புலனாயிற்று. கணிதத்தாற் பெற்ற விடையையும் கண்ணாற் கண்ட நிறத்தையும் ஒப்பிட்டு, மீள்தன்மையுள்ள திண்மங்களின் சமநிலை பற்றிய பெருங் கட்டுரையை 1850 இல் அதே சங்கத்துக்கு அளித்தார். அப்போது வயது 18. இன்று பொறியியல் மாணவர் கணினித் திரையிற் பாலத்தையோ விமானச் சிறகையோ சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் காண்கின்றனரே, அந்நிறப்படத்தின் மூத்த உறவினன் அக்கூழ் வளையம் என்பது எம் கருத்து.

எடின்பறோப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டும் பின்னர் கேம்பிறிட்ஜிலுமாகக் கல்வி தொடர்ந்தது. 1854 இற் கணிதப் பெரும்பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார். (முதலிடம் பெற்றவர் ரௌத் என்பவர். அவரும் பேரறிஞரே.) 1856 இல் அபடீன் நகர்க் கல்லூரியிற் பேராசிரியரானார். சனிக்கோளின் வளையங்கள் ஒரே திண்மமாயிருத்தல் இயலாது, எண்ணிறந்த சிறு துணுக்குகளாகவே இருத்தல் வேண்டும் என நிறுவி அடம்ஸ் பரிசு பெற்றதும், அக்கல்லூரித் தலைவரின் மகள் கதரின் அம்மையாரை 1858 இல் மணந்ததும் அங்கிருந்த காலத்திலேயாம். 1860 இல் அந்நகரின் இரு கல்லூரிகளையும் ஒன்றாக்கினர். இரு பௌதிகப் பேராசிரியருள் ஒருவர் விலக வேண்டியதாயிற்று, விலக்கப்பட்டவர் மக்ஸ்வெல். கல்லூரிகளை ஆள்வோர் எக்காலத்தும் எந்நாட்டிலும் ஒரே வகையினர் போலும். அதே ஆண்டில் எடின்பறோப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். அதுவும் பள்ளித் தோழர் தேற்றுக்குச் சென்றது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது.

இலண்டனில் வாழ்ந்த ஐந்தாண்டுகளும் அவர் வாழ்வின் பொற்காலம். மின்காந்தக் கொள்கை உருவானதும் அப்போதே. அதனருகில் எவரும் கவனியாத சிறு கட்டுரையொன்று 1864 இல் வெளிவந்தது. சட்டகங்களின் சமநிலையையும் விறைப்பையும் கணிப்பது பற்றியது அது. பல சட்டங்களைப் பொருத்தியமைத்த கூரையிலோ பாலத்திலோ, தேவைக்கு மிகுதியாகச் சட்டங்கள் இருப்பின் எச்சட்டம் எவ்வளவு சுமை தாங்கும் என்பது நிலையியலால் மாத்திரம் வெளிப்படாது. ஒவ்வொன்றும் எவ்வளவு நீளுகின்றது என்பதையுஞ் சேர்த்துக் கணிக்க வேண்டும். அதற்குரிய முறையை மக்ஸ்வெல் வகுத்தார். ஓரிடத்து இட்ட சுமையால் மற்றோரிடம் இறங்கும் அளவும், அதே சுமையை அம்மற்றோரிடத்து இட்டால் முன்னையது இறங்கும் அளவும் சமம் என்னும் அழகிய தேற்றமும் அக்கட்டுரையிலேயே உளது. கட்டுரை மிகச் சுருங்கியது, விளக்கப்படம் ஒன்றுமில்லை. பொறியியலார் அதனை எடுத்தும் பார்த்திலர். பத்தாண்டுகளின் பின் ஜேர்மனியில் மோர் என்பவர் அம்முறையை மீண்டுங் கண்டார். நாம் முன் கூறிய மூன்று வேர்களுள் இஃது ஒன்று.

இரண்டாவது வேர் வீட்டு மேன்மாடத்திற் பிறந்தது. வாயுவின் பிசுக்குமையை அளக்க விரும்பிய மக்ஸ்வெல், கண்ணாடித் தட்டுக்களை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, அசையாத் தட்டுக்களின் இடையே அவை முன்னும் பின்னும் திரும்பி அசையச் செய்து, அவ்வசைவு எவ்வளவு விரைவில் அடங்குகின்றது என நோக்கினார். அறையின் வெப்பநிலையை உயர்த்தி ஒரே அளவில் நிறுத்துவதற்காகக் கோடை வெயிலிற் பெருநெருப்பு மூட்டி, கேத்தல்களிற் கொதிநீராவி எழுப்பினர். நெருப்புக்கு விறகும் கரியும் இட்டவர் கதரின் அம்மையாரே. வாயுவின் பிசுக்குமை அதன் அமுக்கத்தைச் சாராது என்னும் எவரும் எதிர்பாராத முடிவு அங்கே உறுதியாயிற்று. 1866 இல் அதனை அரச சங்கத்தில் உரைத்தார்.

அப்பரிசோதனைக்கு விளக்கமாக எழுதிய வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றிய நீண்ட கட்டுரை 1867 இல் அச்சாயிற்று. அதன் நடுவே, பெரியதொரு மாளிகையின் சுவரிற் பதித்த சிறு மாடம் போல, ஒரு சிந்தனை வருகின்றது. பொருளொன்றைத் திடீரென இழுத்து, இழுத்த நிலையிலேயே பிடித்துக்கொள்வோம். முதற்கணத்தில் அது விற்சுருள்போல எதிர்க்கும். பின்னர் அந்தத் தகைப்பு தானே தளரத் தொடங்கும். எக்கணத்திலும் எஞ்சியிருக்கும் தகைப்பின் அளவுக்கு ஏற்ற வேகத்தில் அது தளரும் என மக்ஸ்வெல் கொண்டார். மிகுதியாக இருக்கும்போது விரைந்து தளரும். குறையக் குறைய மெல்லத் தளரும். குறித்த ஒரு காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்காகக் குறையும்; அவ்வளவு காலம் மீண்டுஞ் செல்ல எஞ்சியதும் அதே விகிதத்திற் குறையும். அக்காலத்துக்குத் தளர்வு நேரம் என்று பெயர். பொருளின் விறைப்பைத் தளர்வு நேரத்தாற் பெருக்கினால் வருவது அதன் பிசுக்குமை. வாயுவில் அந்நேரம் ஒரு வினாடியின் ஏறக்குறைய ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு என அவர் கணித்தார்.

இதன் ஆழத்தை வாசகர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். திண்மம் வேறு, திரவம் வேறு என்று நாம் சிறு வகுப்பிற் கற்றோம். மக்ஸ்வெலின் சமன்பாட்டில் இரண்டுக்கும் இடையே மதிலொன்றுமில்லை. காலம் ஒன்றே வேறுபாடு. தளர்வு நேரத்திலும் மிகக் குறுகிய வேளையில் நோக்கினால் எப்பொருளும் திண்மம். அதனிலும் மிக நீண்ட வேளை நோக்கினால் திரவம். ஓஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927 இல் ஒரு புனலில் இட்ட நிலக்கீல், சுத்தியலால் அடித்தாற் கண்ணாடிபோற் சிதறத்தக்கது. அதுவே 2014 ஆம் ஆண்டுவரை ஒன்பது துளிகள் சொட்டியது. பின்வந்தோர் மக்ஸ்வெலின் கருத்தை ஒரு விற்சுருளும், பிசுக்குத் திரவத்துள் அமிழ்ந்த முசலமும், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த உருவாக வரைந்தனர். பல்கலைக்கழகம் சென்ற நம் பழைய மாணவர் அப்படத்தைக் கண்டிருப்பர்.

நிற்க. மூன்றாவது வேரைக் காண, கூட்டுப்பொருள் என்றால் யாதெனச் சொல்லிக்கொள்ள வேண்டும். பனை வைரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர் அறிவர்: கருநிற நார்க்கற்றைகள் மென்மையான ஊடகத்துட் பதிந்திருக்கும். நாரின்றேல் மரத்துக்கு வலுவில்லை. ஊடகமின்றேல் நார்கள் சேர்ந்து நில்லா. கல்லும் மணலும் சீமெந்துப் பசையுஞ் சேர்ந்த கொங்கிறீற்றும், காபன் நாரும் பிசினுஞ் சேர்ந்த விமானச் சிறகும் இவ்வினத்தனவே.

1865 இற் பதவி துறந்து கிளென்லேருக்குத் திரும்பிய மக்ஸ்வெல், மின்னும் காந்தமும் பற்றிய தம் பெருநூலை அங்கே எழுதினார். 1873 இல் வெளிவந்த அந்நூலில், ஓர் ஊடகத்துள் வேறொரு பொருளாலான சிறு கோளங்கள் பரவியிருப்பின், அக்கலவை முழுவதும் எவ்வாறு மின்னைக் கடத்தும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கூறுகளின் இயல்பும் அளவும் தெரிந்தால் முழுமையின் இயல்பைக் கணிக்கலாம் என்பது அதன் சாரம். அந்நூலில் மற்றுமொரு செய்தி உளது. எம்மை வியப்பில் ஆழ்த்துவது அதுவே. பல்வேறு பொருள்களைப் படைபடையாக அடுக்கி மின்னேற்றினால், பின்னர் மின்னை இறக்கிய பிறகும் சிறிது மின் மெல்ல மெல்லத் தலைகாட்டும். தனித்தனியே எடுத்தால் அப்படைகளுள் ஒன்றிலேனும் அவ்வியல்பு இருத்தல் வேண்டுவதில்லை! பொருள்கள் சந்திக்கும் எல்லைகளில் மின் தேங்குவதால், சேர்க்கையிற் புதிதாய்த் தோன்றுவது அது. கூறுகளில் இல்லாத காலத்தாழ்வு கூட்டில் உண்டாதல் இயலும் என்பதை மக்ஸ்வெல் இங்ஙனம் கணிதத்தாற் காட்டினார். அவர் பேசியது மின்னைப் பற்றி. அதனைப் பொருள்களின் வளைவுக்கும் நீட்சிக்கும் பொருத்தியது பிற்காலத்தாரின் வேலை.

1871 இற் கேம்பிறிட்ஜ் அவரை அழைத்து முதலாவது கவென்டிஷ் பேராசிரியராக்கியது. 1874 இல் அவர் மேற்பார்வையிற் கவென்டிஷ் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. அதே 1874 இல் வியன்னாவிலிருந்து போல்ற்ஸ்மன் என்னும் இளம் அறிஞர், பொருளொன்றின் இன்றைய தகைப்பு அதன் முந்தைய விகாரங்கள் அனைத்தின் எச்சங்களையுங் கூட்டிய தொகை என எழுதினார். பொருளுக்கு நினைவு உண்டு என்று சொல்லாமற் சொன்ன கொள்கை அது. மக்ஸ்வெல் இவ்விடயத்தைக் கைவிட்டாரல்லர். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்புக்குப் பொருள்களின் அமைப்புப்பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு திண்மத்துள் மூலக்கூறுகள் பல குழுக்களாக உள்ளன, சில எளிதிற் கலைவன, சில அரிதிற் கலைவன என்று விளக்கினார். தளர்வு நேரம் ஒன்றன்று, பல என்னும் கருத்தின் வித்து இதில் உளது.

அதனை வளர்க்க ஆயுள் இடந்தரவில்லை. தாயாரைக் கொண்டுசென்ற அதே நோய், ஏறத்தாழ அதே வயதில், அவரையும் பற்றியது. 1879 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5 ஆம் நாள் கேம்பிறிட்ஜில் உயிர்நீத்தார், வயது 48. பிள்ளைகள் இலர். கிளென்லேருக்கு அருகில் உள்ள பாட்டன் தேவாலய முற்றத்தில் அடக்கஞ் செய்தனர்.

மூன்று வேர்களும் ஒரு மரத்திற் கூடுதற்கு ஏறக்குறைய நூறாண்டு சென்றது. சட்டகக் கணிதம் 1950 களிற் கணினியில் ஏறியது. பொருளைச் சிறுசிறு மூலகங்களாகப் பகுத்துக் கணிக்கும் முறைக்கு 1960 இற் பெயரும் கிடைத்தது. ஆயின் ஊர்வைக் கணிப்பதில் ஓர் இடர் நின்றது. போல்ற்ஸ்மன் கூறியவாறு பொருளின் முழு வரலாறும் வேண்டுமாயின், ஆயிரக்கணக்கான மூலகங்களில் ஒவ்வொன்றுக்கும் பிறந்தநாள் முதல் நடந்ததெல்லாவற்றையும் கணினி நினைவிற் கொள்ள வேண்டும். எப்பெரிய கணினியும் அச்சுமையைத் தாங்காது. அங்கே மக்ஸ்வெலின் தளர்வு கைகொடுத்தது. அதன்படி தளரும் பொருளின் பழைய கதை முழுவதும் ஓர் எண்ணில் அடங்கும். அடுத்த கணத்துக்குச் செல்லும்போது அவ்வெண்ணைத் தளர்வுக்குரிய பின்னத்தாற் பெருக்கி, புதிதாய் வந்த விகாரத்தின் பங்கைக் கூட்டினாற் போதும், பழையதை மறந்துவிடலாம். மெய்ப்பொருளுக்கு ஒரு தளர்வு நேரம் போதாதாகையால் வினாடி முதல் நூற்றாண்டு வரை வெவ்வேறு தளர்வு நேரமுடைய பத்துப் பன்னிரண்டு உறுப்புக்களை அருகருகே வைப்பர். அப்போதும் மூலகமொன்றின் ஒவ்வொரு தகைப்புக்கும் பத்துப் பன்னிரண்டு எண்களே. தெய்லரும் பிஸ்ரரும் கூட்றோவும் 1970 இல் இவ்வழியை மூலக முறையுடன் இணைத்துக் காட்டினர். கணக்கில் ஐந்தொகை எழுதும் எம் வணிக மாணவர், பழைய பேரேடுகளைப் புரட்டாது முன்கொணர்ந்த மீதியை மாத்திரம் எடுத்து எழுதுவதை இதற்கு ஒப்பிடலாம்.

காபன் நார்ச் சிறகுக்கு இது பொருந்துமாற்றைப் பார்ப்போம். நார் ஏறத்தாழத் தளராதது, பிசின் தளர்வது. கணினியில் நாரும் பிசினும் உள்ள மிகச் சிறிய மாதிரித் துண்டொன்றை மூலகங்களாகப் பகுத்து, பிசினுக்கு மாத்திரம் மக்ஸ்வெல் உறுப்புக்களைக் கொடுக்கின்றனர். காலஞ் செல்லப் பிசின் தன் சுமையை நாரிடம் கையளிக்கின்றது. நாரின் திசையில் இழுத்தால் ஊர்வு மிகச் சிறிது. குறுக்கே இழுத்தாலோ சறுக்க முயன்றாலோ மிகுதி. அத்துண்டிற் பெற்ற விடையைச் சிறகு முழுவதற்கும் ஏற்றுகின்றனர். 2011 இற் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு இத்தகைய கூட்டுப்பொருளாதலின், இக்கணிப்பு ஏட்டளவில் நிற்பதொன்றன்று.

கொங்கிறீற்றில் இதனைப் புறக்கணித்தமையால் நேர்ந்ததைப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள பலாவு நாடு கண்டது. கொரோர், பபெல்தாப் என்னும் இரு தீவுகளை இணைத்து 1977 இற் கட்டி முடித்த பாலத்தின் நடுப்பாய்ச்சல் 241 மீற்றர். அவ்வகையில் அன்று உலகில் மிக நீண்டது. கட்டியவர் எதிர்பார்த்ததினும் பன்மடங்காகப் பாலத்தின் நடு கீழிறங்கியது. 1995 அளவில் இறக்கம் ஏறத்தாழ 1.4 மீற்றரை எட்டியது. இழுத்துக் கட்டியிருந்த உருக்குவடங்களும் தம் இழுவையில் ஏறத்தாழ அரைப்பங்கை இழந்திருந்தன. நிமிர்த்தும் நோக்குடன் 1996 இல் திருத்தவேலை செய்தனர். அது முடிந்து சில மாதங்களுள், செப்டெம்பர் 26 இல், பாலம் இடிந்து வீழ்ந்தது. இருவர் உயிரிழந்தனர். வீழ்ச்சி முழுவதையும் ஊர்வின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. திருத்தவேலையின் பங்கு பற்றியும் அறிஞர் வாதிட்டுள்ளனர். ஆயின் தொய்வுக்கு முதற்காரணம் கொங்கிறீற்றின் ஊர்வு என்பதில் ஐயமில்லை.

பாலத்தின் தரவுகள் பல்லாண்டு மறைவில் இருந்து 2008 இல் வெளிப்பட்டன. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ற்றேர்ன் பல்கலைக்கழகத்திற் பசான்ற் என்பவரும் உடனாய்வாளரும் பாலம் முழுவதையும் மூலகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் விற்சுருளும் முசலமுங் கொண்ட உறுப்புக்களின் தொடரைப் பொருத்தி, கட்டிய நாள் முதற் கணித்தனர். அவர்கள் கையாண்டது விற்சுருளையும் முசலத்தையும் பக்கம் பக்கமாக இணைத்த கெல்வின் தொடர். கெல்வின் பிரபு மக்ஸ்வெலின் மூத்த நண்பர். கணினி காட்டிய வளைகோடு அளந்த தொய்வோடு நன்கு ஒத்தது. அதே ஆய்வாளர் பிற நாடுகளிலும் தேடி, இங்ஙனம் அளவுக்கு மிஞ்சித் தொய்ந்த பெரும் பாலங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றின் அளவைகளைத் திரட்டி 2011 இல் வெளியிட்டனர். பலாவுத் தீவுகளுக்கிடையே யப்பானின் உதவியுடன் அமைத்த புதிய பாலம் 2002 ஆம் ஆண்டிற் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.